வெள்ளி மைக்கு அடியில்

பெய்ரூத்தில் ராமிஸ் சேர்த்து வைத்திருந்த சில்க்ஸ்கிரீன் அச்சுப் படங்களிலேயே அவர் உயிராகக் காத்து வந்தது, பார்க்க ஒன்றுமே இல்லாத ஒரு தாள். முழுக்க வெள்ளி நிற மை. ஓரத்தில் பென்சிலால் 9/9, பக்கத்தில் கலைஞரின் கையெழுத்து.

போரில் காணாமல் போனவர்களின் தாய்மார் ஒன்பது பேரிடம் ஆளுக்கொரு வாசகம் கேட்டு வாங்கி, தாளுக்கு ஒன்றாக அச்சடித்து, ரீசார்ஜ் கார்டில் இருப்பதுபோல் சுரண்டும் மையால் மூடிவிட்டார் அந்தக் கலைஞர். எது யாருடையது என்று சொல்லாமலே செத்தும் போனார். மற்ற எட்டையும் வாங்கியவர்கள் சுரண்டிவிட்டார்கள். மூடியபடி இருப்பது இது ஒன்றுதான். அதனால்தான் இதற்கு மதிப்பு.

"அந்த எட்டையும் போய்ப் பாத்துட்டேன், உஸ்தாத்," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த நுஹாத். "ஒம்போது பேர்ல எங்கம்மாவும் ஒருத்தி, அவ பேச்சு எனக்குத் தெரியும். அது அதுல இல்ல."

"சுரண்டிட்டா இது போச்சும்மா. இன்னொண்ணு கிடைக்காது."

"எங்கம்மாவும் இன்னொரு தடவ சொல்ல மாட்டா."

ராமிஸ் காபிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

"எங்கண்ணன் நபீஹுக்கு அம்மா தினம் மத்தியானம் தட்டு வைப்பா. அவ போனப்புறம் நான் வைக்கிறேன். எனக்கு நம்பிக்கை போயி ரொம்ப நாளாச்சு, அவளுக்காகத்தான். அவளும் நம்பலேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவேன்."

"அந்தச் சாப்பாட்ட யார் திங்கிறா?"

"தெருப் பூனைங்கதான். ஒவ்வொண்ணும் மந்திரி மாதிரி கொழுத்துக் கெடக்கு."

சிரித்தவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இதற்குள் என்ன இருக்கிறதோ யாருக்கும் தெரியாது என்று எத்தனை விருந்தாளிகளிடம் பெருமையடித்திருப்பார். எழுந்து சட்டத்தை இறக்கிக் கண்ணாடியைக் கழற்றினார். மேசை இழுப்பறையில், பிச்சைக்காரர்கூட வாங்காத பழைய ஐந்நூறு லிரா நாணயம் ஒன்று கிடந்தது.

"நீங்களே சுரண்டுங்க. எனக்குக் கை வராது."

ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் பல் கூசியது. வெள்ளித் தூள் உதிர, எழுத்து ஒவ்வொன்றாய் வெளியே வந்தது.

'என் மகன் வரமாட்டான். மகள் மனசு விட்டுடக் கூடாதுன்னு தட்டு வைக்கிறேன்.'

"அடிப்பாவி," என்றாள் நுஹாத், தாளிடம். "எனக்காகவா வச்சே? நான் உனக்காகல்ல வச்சுக்கிட்டிருக்கேன்!"

ராமிஸ் சமையலறைக்குப் போய்ப் பருப்புச் சோற்றை இரண்டு தட்டில் போட்டுக்கொண்டு வந்தார், அவருக்கொன்று, அவளுக்கொன்று.

நகத்தில் ஒட்டிய வெள்ளியைப் பாவாடையில் துடைத்துவிட்டு அவள் தட்டை இழுத்துக்கொண்டாள்.

"பசிக்குது, உஸ்தாத்."