சந்தனம் வைத்த ப்ராசஸர்

வயசாகிவிட்டது என்று ரூபஸ் சொன்னதும் தேசப்பனுக்குச் சுருக்கென்றது. சொன்னது கம்ப்யூட்டரைத்தான். இருந்தாலும் சுருக்கென்றது.

ரூபஸ் திருத்தணி பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். கே.ஜி.கண்டிகையிலிருந்து மகளின் பெட்டியைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார் தேசப்பன்.

"உள்ள ப்ராசஸர்னு ஒண்ணு கீது பெரியவரே. அதுதான் இதுக்கு மூளை. கேம் ஆடறதுன்னா அஞ்சு வருஷம் தாங்கும், மிஞ்சிப்போனா ஆறு. இது எட்டு வருஷத்துச் சரக்கு. பத்து நிமிஷம் ஆடினா சூடு நூறைத் தொடுது, படுத்துக்குது. புதுசா ஒண்ணு வாங்கிடுங்க."

"மத்தபடி ஓடுதில்ல?"

"ஆங், ஓடுது. லெட்டர் அடிக்கலாம், பாட்டு கேக்கலாம். லேசான வேலைக்கு ஆவும்."

இந்த 'லேசான வேலை' என்ற வார்த்தையைத்தான் தேசப்பன் பன்னிரண்டு நாளாக மனசில் சுமந்துகொண்டு அலைகிறார். அரக்கோணம் குட்ஸ் ஷெட்டில் முப்பது வருஷம் வேகனிலிருந்து மூட்டை இறக்கியவர். ஒரு நாள், ஒரே ஒரு நாள், மூட்டையோடு பலகையில் இறங்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. மேஸ்திரி துரைக்கண்ணு அன்று சாயங்காலமே தோளில் கைபோட்டு, "வயசாயிடுச்சு தேசப்பா, இனிமே லேசான வேலையப் பாரு. சிந்தினதைக் கூட்டு," என்று துடைப்பத்தைக் காட்டினான். தேசப்பன் துடைப்பத்தைத் தொடவில்லை. மறுநாளிலிருந்து ஷெட்டுக்கே போகவில்லை.

பெட்டியை மறுபடி சாக்கில் சுற்றினார். "முட்டி போச்சுன்னா மூளை போச்சுன்றானுங்க," என்று முனகிக்கொண்டே கடையை விட்டு இறங்கினார். ரூபஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு மகள் தேவயானிக்கு ஆன்லைன் கேம் பரிசுப் போட்டியில் கடைசி ஆட்டம். பகலில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், வீட்டுக்கு வந்தால் அஞ்சு பேர் கூட்டணியில் துப்பாக்கி தூக்குகிறாள். கூட்டணியின் தலைவி நிர்மலா போனிலேயே சொல்லிவிட்டாள்: "உன் மிஷின் இன்னொரு வாட்டி நடுவுல நின்னா உன் எடம் காலி. வேலூர்ப் பொண்ணு ஒருத்தி புது மிஷினோட ரெடியா கீறா." தேவயானி ராத்திரி சோறு தின்னவில்லை.

ஞாயிறு காலை அவள் அரை நாள் வேலைக்குக் கடைக்குப் போனதும் தேசப்பன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். தள்ளுவண்டிச் சக்கரத்தைக் கழற்றி கிரீஸ் வைத்த கைக்கு நாலு திருகாணி ஒரு பொருட்டா? காற்றாடியைத் தூக்கினார். அதன் அடியில், ரூபஸ் சொன்ன ப்ராசஸரின் சதுரமான தகட்டின்மேல், ஏதோ சாம்பல் நிறத்தில் காய்ந்து பொருக்காக இருந்தது.

"அட, இதுக்கும் கிரீஸ் காஞ்சிருக்குது!"

சுரண்டித் துடைத்தார். தகடு பளபளத்தது. அதன்பிறகுதான் யோசனை வந்தது: புதுசாக என்ன வைப்பது? வண்டி கிரீஸ் இருந்தது, ஆனால் அது வெயிலில் கொதிக்கும். சூட்டுக்குக் குளிர்ச்சியாக அல்லவா வேண்டும். அவர் பார்வை சாமி மாடத்துக்குப் போனது. நோய்க்கு மருந்தென்று வாங்கி வந்த திருத்தணி மலைக்கோயில் சந்தனம் அங்கே டப்பாவில் இருந்தது. கொஞ்சம் எடுத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, தகட்டில் மெழுகி, காற்றாடியை இறுக்கினார்.

மனைவி கல்பனா பார்த்துவிட்டாள். "யோவ்! சாமி சந்தனத்த நாமளே நெத்தியில வெச்சிக்க மாட்டோம். நீ டப்பாவுக்கு வெக்கிறியா?"

"நெத்திக்கா வெச்சேன்? நோவுக்குத் தண்ணியில கரைச்சுத்தானே குடிப்போம். இதுக்கும் காய்ச்சல்தான். நூறு டிகிரி."

"முருகா, இந்த மனுசன் வீட்ல சும்மா குந்திகினு இருக்கிறது என் உசுருக்கே ஆபத்து."

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பத்து நிமிஷம் ஆனது. இருபது ஆனது. வீடெல்லாம் அர்ச்சனை நேரத்து வாசனை.

"இன்னாம்மா, பூஜை போடறியா?" என்றாள் தேவயானி, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். பெட்டி நிற்கவில்லை. ஒன்றரை மணிநேரம் சுட்டுத் தள்ளி, அவளுடைய கூட்டணி ஜெயித்தது. நிர்மலா போனில் கத்தியது தெரு வரைக்கும் கேட்டது.

"பாத்தியா நைனா!" என்று மகள் கட்டிக்கொண்டாள். தேசப்பன் பெட்டியைத் தடவிக்கொடுத்தார். "வயசாம் வயசு."

திங்கட்கிழமை பெட்டி மறுபடி படுத்துக்கொண்டது. ரூபஸ் கடையில் கூட்டம்; வெள்ளிக்கிழமைதான் திறந்தான். சந்தனம் கோயில் தூண் பூச்சு மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. மோந்து பார்த்தான்.

"பெரியவரே, இன்னா இது?"

தேசப்பன் சொன்னார். ரூபஸ் சிரித்து முடிக்க நேரம் ஆனது. அப்புறம் துடைத்துவிட்டு, ஒரு சின்ன டியூபிலிருந்து சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை ஒரு சொட்டு வைத்து மூடினான். ஆட்டத்தை ஓடவிட்டான். சூடு அறுபதைத் தாண்டவில்லை.

"இன்னும் மூணு வருஷம் ஓடும்," என்றான்.

"போன சனிக்கிழமை வயசாயிடுச்சுன்ன?"

ரூபஸ் தலையைச் சொறிந்தான். "தொறந்து பாக்கல பெரியவரே. பழைய பேஸ்ட்டுதான் காஞ்சிருக்குது. எட்டு வருஷம்னதும் வயசுன்னுட்டேன்."

தேசப்பன் இதைத் துரைக்கண்ணுவிடமே சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினார். நாளைக் காலை ஷெட்டுக்குப் போய், மூட்டையைத் தூக்கிக்கொண்டே சொல்ல வேண்டும். வீடு வரும்வரை வசனத்தை மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று நின்றது. போட்டி நடத்தியவர்கள் ஜெயித்தவர்களுக்கு ஆளுக்கொரு புதுக் கம்ப்யூட்டர் அனுப்பியிருந்தார்கள். தேவயானி தரையில் உட்கார்ந்து தெர்மாகோலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுவும் நல்லாயிடுச்சும்மா," என்றார் தேசப்பன், சாக்கை இறக்காமலே. "இன்னும் மூணு வருஷம் ஆடலாமாம்."

"அப்படியா நைனா?" மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அன்பான சிரிப்புதான். "தூக்கிப் போட வேணாம். அம்மா சீரியல் பாக்கட்டும். லேசான வேலைக்கு வெச்சிக்கலாம்."

தேசப்பன் பெட்டியைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது முழங்கால் கடக்கென்றது.

"லேசான வேலைன்னாலும் பேஸ்ட் காயும்மா," என்றார். "நடுநடுவுல தொறந்து பாக்கணும்."

மகள் காதில் அது விழவில்லை. தேசப்பன் சுவரோரமாக உட்கார்ந்து, லுங்கியை முட்டிக்கு மேல் ஏற்றி, கல்பனாவிடம் தைல பாட்டிலைக் கேட்டார்.