பல்லுக்குள் வைத்த பூண்டு

அந்தப் பல் டாக்டருக்கு உறவென்று சொல்ல ஓர் அக்காதான், கண்ணுகளா. அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர். கடைவாய்ப்பல்லின் வேர்வரை சீழ் கோத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டருடைய நாற்காலியில் வந்து சாய்ந்தார்.

வேரைக் குடைந்து சுத்தம் செய்தாள். உள்ளே மிஞ்சும் கிருமிக்கு வழக்கமாக வைக்கும் வெள்ளைப் பசை, ஒரு வாரம் வைத்துப் பார்த்தும், அவருக்குக் கேட்கவில்லை. அதனால் ஆய்வுக்கூடத்தில் தான் சோதித்துவந்த பூண்டுச் சாற்றை, அவரிடம் சொல்லிவிட்டே, வைத்தாள். நன்றாக வடித்து, அளந்து, கிருமி நீக்கிய சாறு அது. மேலே தற்காலிகச் சிமெண்டால் மூடினாள்.

"என்ன மச்சினி, வாயெல்லாம் பூண்டு நாத்தம்! உங்கக்கா இனி பக்கத்துலயே வரமாட்டா."

"இப்ப மட்டும் ஒட்டிக்கிட்டா இருக்கா? மாமா, அடுத்த வாரம் கண்டிப்பா வரணும். உள்ள இன்னும் வேலை பாக்கி இருக்கு."

"பூண்டுதானே, அது பாத்துக்கும்."

அவளும் சிரித்துவிட்டாள். அடுக்களைப் பூண்டு வேறு, இது வேறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் நாக்கில் வரவில்லை.

வலி நின்றது. மனிதர், அவள் சொன்ன நாளில் போகாமல் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் கிளம்பினார். வழியில் சிமெண்ட் பெயர்ந்துபோனது. வீடு திரும்பும்போது பல் விண் விண்ணென்று தெறித்தது. தங்கையைப் பார்க்கலாம் என்றாள் அக்கா. "குளிச்சிட்டுப் போகலாம், தூங்கிட்டுப் போகலாம்" என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டார்.

அக்கா அவரைக் கூட்டிவந்தபோது தாடைக்குக் கீழே பலகைபோல் இறுகியிருந்தது. நாக்கு மேலெழும்பி நின்றது. எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. பார்த்த மாத்திரத்தில் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தாள்.

வண்டியில் அக்கா சொன்னாள்: "நீ வெச்ச மருந்துதானேன்னு நான்தான்டி பூண்டை நசுக்கி அந்தக் குழியில அடைச்சேன். வலிக்க வலிக்கத் திரும்பத் திரும்ப அடைச்சேன்."

ஆஸ்பத்திரியில் கழுத்தைக் கீறிச் சீழை எடுத்தார்கள். மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். விஷம் அதற்குள் ரத்தத்தில் ஏறிவிட்டது. அவர் கண் திறக்கவே இல்லை.

நடைபாதைச் சுவரில் சாய்ந்திருந்த அக்கா தங்கையின் கையைப் பிடித்தாள்.

"மறைக்காம சொல்லுடி. நான் வெச்சதா, நீ வெச்சதா?"

டாக்டருக்குத் தெரியும். திணித்த சக்கை அழுகி, சீழ் வெளியேற வழியில்லாமல் அடைத்துவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் வெச்சதுதான்க்கா. என் மருந்துதான்."

பிடித்திருந்த கை விலகியது.

"பாவி. இனி என் வாசப்படி மிதிக்காதே."

அவள் மிதிக்கவில்லை. அக்கா தங்கையைக் கரித்துக்கொட்டிக்கொண்டே அந்த வருடத்தைத் தாண்டினாள். கரித்துக்கொட்ட ஓர் ஆளாவது இருந்தது அவளுக்கு.