ஒன்பதாவது நிபந்தனை

வீட்டு வாடகை ஒப்பந்தம் என்றால் டைப்பிஸ்டக்காவுக்குப் பத்து நிமிட வேலை. கணினியில் பழைய பிரதி ஒன்று இருக்கும். பெயர், முகவரி, தேதி, வாடகை, முன்பணம் என்று ஐந்து இடத்தில் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கும். பதிவு அலுவலகத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த அந்த நகல் கடையில் பன்னிரண்டு வருடமாக அவள் மாற்றியது அந்த ஐந்து இடத்தைத்தான். வாய் வந்தவர்களோடு பேசிக்கொண்டிருக்கும், விரல்கள் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அன்று விரல்கள் ஓடவில்லை.

"என்னம்மா, ஒரு பக்கத்துக்கு இவ்வளவு நேரமா?" என்றார் கடைக்காரர்.

"இதோ முடிச்சுட்டேன் சார்."

மூன்று நாளைக்கு முன் அவள் வீட்டு முன்னறையில் கூரைக் காரை பெயர்ந்து தையல் மெஷின் மேல் விழுந்திருந்தது. மெஷினில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். தலை தப்பியது, வலது மணிக்கட்டு தப்பவில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு. தைக்க வந்த துணிகளை அவரவரே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மீதிக் காரை விரிசல் விட்டு, துருப்பிடித்த கம்பி தெரிய, இப்போதோ எப்போதோ என்று தொங்கிக்கொண்டிருந்தது. மகளைச் சமையலறையில் படுக்க வைத்தார்கள்.

குடிவந்த மூன்றாம் மாதமே அந்த இடத்தில் ஈரம் தெரிந்தது. சொல்லும்போதெல்லாம் வீட்டுக்காரர் "பார்க்கலாம் தங்கச்சி" என்பார். இந்த முறை, அன்று அவள் கடையிலிருந்து திரும்பியதும், நேரில் வந்து, அண்ணாந்து பார்த்து, உச்சுக் கொட்டினார்.

"பெரிய கண்டத்துலேர்ந்து தப்பிச்சிருக்கீங்க. சீக்கிரமா சரி பண்ணிடுங்க."

"நாங்களா?"

"அக்ரிமெண்ட்ல அப்படித்தானே இருக்கு? நீங்கதானே அடிச்சுக் கொண்டுவந்தீங்க தங்கச்சி. நான் கையெழுத்து மட்டும்தானே போட்டேன்?"

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிடாமல் நீதிமன்றத்துக்குப் பின்னால் இருந்த இலவசச் சட்ட உதவி அறைக்கு ஓடினாள். பெஞ்சில் ஏழு பேருக்குப் பிறகு அவள் முறை வந்தது. வக்கீலம்மா ஒப்பந்தத்தைப் புரட்டி, ஓரிடத்தில் நின்று சத்தமாகப் படித்தார்.

"ஒன்பது. 'வீட்டில் ஏற்படும் சிறிய, பெரிய பழுதுகள் அனைத்தையும் குடியிருப்பவரே தம் சொந்தச் செலவில் சரிசெய்துகொள்ள வேண்டும்.' சுவரு, கூரையெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பும்மா. எந்தப் புண்ணியவான் இப்படி அடிச்சுக் குடுத்தான்?"

"நான்தாங்க."

வக்கீலம்மா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

அந்தப் பழைய பிரதி அவள் வேலைக்குச் சேருமுன்பே கணினியில் இருந்தது. அடிக்கும் கூலியைக் கொடுப்பவர்கள் எப்போதும் வீட்டுக்காரர்கள்தான், பிரதியும் அவர்களுக்கு ஏற்றபடி இருந்தது. போன வருடம் தன் ஒப்பந்தத்தைத் தானே அடித்தபோது, கூலி மிச்சம் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அன்றும் ஐந்து இடம்தான் மாற்றினாள். இந்த ஒன்பதை எத்தனை வீடுகளுக்கு அனுப்பியிருப்போம் என்று அவள் எண்ணிப் பார்த்தாள்.

"கூரை யார் பொறுப்பு, முன்பணம் எத்தனை நாள்ல திரும்பக் கிடைக்கும், காலி பண்ணச் சொல்றதா இருந்தா எவ்வளவு முன்னாடி சொல்லணும்... இதெல்லாம் எழுதியிருக்கணும். இதுல உங்களுக்குன்னு ஒரு வரிகூட இல்லையே. வாடகை ரசீது இருக்கா?" என்றார் வக்கீலம்மா.

"கையில குடுப்போம். கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு."

"கேஸ் போடலாம். இப்படி எழுதினது செல்லாதுன்னு வாதாடலாம். ரெண்டு வருஷம் ஆகும். ஒப்பந்தம் எப்ப முடியுது?"

"இந்த மாசக் கடைசியில."

வக்கீலம்மா காகிதத்தை மடித்துக் கொடுத்தார். அடுத்தவர் எழுந்து வந்தார்.

அன்று சாயங்காலம் அவள் கைபேசியில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "கூரை உங்க பொறுப்புன்னு வக்கீலம்மா சொல்றாங்கண்ணே."

"ஓ, வக்கீல் வரைக்கும் போயாச்சா? சரி தங்கச்சி." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

கணவர் இடது கையால் ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "விடு. கூரை இடிஞ்சதாலதான் நீ அடிச்சதை நீயே படிச்சிருக்கே" என்றார். அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். கையால் எழுதிய தாளொன்றைக் கடைக்காரரிடம் நீட்டினார். கடைக்காரர் படித்துவிட்டு, தாளை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார். கடையில் டைப் அடிக்க வேறு ஆளில்லை.

"நீயே... அடிச்சுடறியாம்மா?"

"தப்பா நினைக்காதே தங்கச்சி. பிழையில்லாம அடிக்கிறது இங்கதான்" என்றார் வீட்டுக்காரர், தெருவைப் பார்த்தபடி.

அவள் தாளை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அடித்தாள். முதலில் தன் பெயர், பிறகு கணவர் பெயர், வீட்டு எண். ஒன்பதாவது நிபந்தனையின்படி கூரையைப் பராமரிக்கத் தவறியதால், ஒப்பந்தம் முடியும் நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பழுதுச் செலவு முன்பணத்தில் கழிக்கப்படும். ஒவ்வொரு சொல்லையும் படித்து அடித்தாள். ஓரிடத்தில் அவர் வீட்டு எண்ணை மாற்றி எழுதியிருந்தார். கையே போய் அதைத் திருத்தியது.

"எத்தனை காப்பி?"

"மூணு போதும்."

இயந்திரம் மூன்று தாள்களைச் சூடாகத் தள்ளியது. வீட்டுக்காரர் வரிவரியாகச் சரிபார்த்து, கையெழுத்திட்டு, ஒன்றை அவளிடமே நீட்டினார். மற்றொன்றை மேசைமேல் விரித்து, அடியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று அவள் அடித்திருந்த இடத்தில் விரலை வைத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"தேதியும் போட்டுடு தங்கச்சி" என்றார்.