இன்ஸ்பெக்டருக்கு நீச்சல் தெரியாது

அந்தத் துப்பறியும் டிவி தொடரின் கடைசிப் பகுதியை எழுதிய பாவி நான்தான். நீச்சல் தெரியாத இன்ஸ்பெக்டர் காரோடு ஆற்றில் விழுகிறார், தொடர் முடிகிறது. செத்தாரா, பிழைத்தாரா என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. என் கணக்கில் அவர் செத்தாயிற்று.

பல் ஆஸ்பத்திரிப் படிவத்தில், தொழில் என்ற இடத்தில், இந்தப் பெருமையை எழுதித் தொலைத்தேன். கடைவாய் மரத்து, வாய் பிளந்து கிடந்தபோதுதான் டாக்டர் நர்ஸிடம் ஆரம்பித்தார்.

"பாலத்துக்கு முன்னாடியே சீட் பெல்ட்டைக் கழட்டுனாரே, கவனிச்சியா? ஆளு தப்பிச்சிருப்பாரு."

"போங்க டாக்டர், நீச்சலே தெரியாதவரு! ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல," என்றாள் நர்ஸ். அவள் பிடித்திருந்த எச்சில் குழாய் என் தொண்டையில் இடித்தது.

"எழுதினவரையே கேட்டுடுவோம். பேச வேணாம் சார். உயிரோட இருந்தா ஒரு விரல், இல்லேன்னா ரெண்டு."

நர்ஸின் கண் கலங்கியிருந்தது. டாக்டர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லுக்கு ஒரு நூல் தள்ளி டிரில் சுழன்றுகொண்டே இருந்தது.

ஒற்றை விரலைத் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்ததும், மரத்த வாயோடு அடுத்த பாகத்தை எழுத உட்கார்ந்து, இன்ஸ்பெக்டருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தேன்.