வீட்டு ஆண்களின் நடை

திருப்புறத்தில் சிவதாணு பிள்ளை வீட்டு ஆண்கள் வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் செம்மண் சரிவில் பாதியில் நிற்பார்கள். மதிலில் கைவைத்து, தோப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மீதியை ஏறுவார்கள். சிவதாணுவின் அப்பா ஐம்பத்திரண்டு வயதில் அந்தச் சரிவிலேயே மதிலில் சாய்ந்தபடி இறந்தார். நின்றபடி போன மனிதர் என்று ஊர் மெச்சியது. ஓடி வியர்ப்பது நம் வீட்டு வழக்கமில்லை என்று சிவதாணுவும் மகன் செந்தில்வேலுக்குச் சொல்லியே வளர்த்தார்.

சென்ற மாதம் நெய்யாற்றின்கரையில் பஸ்ஸிலிருந்து இறங்கிய சிவதாணு மயங்கி விழுந்தார். எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும், உங்களுக்குப் பிறவியிலேயே இரண்டுதான் என்றார். அவையும் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டன, மாற்றியே ஆக வேண்டும். அப்பா இறந்த விதத்தைக் கேட்டவர், இது குடும்பத்தில் வரக்கூடியது, பிள்ளைகளையும் உடனே கொண்டு வாருங்கள் என்றார்.

சிவதாணு மனைவி உமையம்மாளிடம் மட்டும் சொன்னார். மகள் பிந்துவின் நிச்சயம் முடியட்டும், நோய்க்குடும்பம் என்று ஒருவர் வாயிலும் விழக்கூடாது என்று அவள் வாயை அடக்கினார். உமையம்மாள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

நிச்சயம் பேச செங்கல் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காரை ரோட்டில் விட்டுச் சரிவேறியவர்களை செந்தில்வேல் அழைத்து வந்தான். பாதியில் நின்று மதிலில் கைவைத்தான். மாப்பிள்ளையின் தாய்மாமா ராஜன் சிரித்தார்.

"பாத்தியளா, இந்த வீட்டு ஆம்பிளையளுக்க நடைக்கு ஒரு கனம் உண்டு. ராஜநடை ஆக்கும்."

வேறொரு நாளென்றால் வாசலில் நின்ற சிவதாணுவின் முதுகு இன்னும் நிமிர்ந்திருக்கும். இன்று மகனின் திறந்த வாய்தான் தெரிந்தது. முப்பத்து நான்கு வயதுக்காரன் தோப்பைப் பார்ப்பதுபோல் மூச்சைத் தேடிக்கொண்டிருந்தான். அந்த நடிப்பைக் கற்றுக்கொடுத்தது யார் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"ராஜநடை இல்ல," என்றார். "நெஞ்சில வால்வுக்குக் கோளாறு. எனக்கு உண்டு. எங்கப்பனைக் கொண்டுபோனதும் இதுதான்னு தோணுது. இவனையும் பிந்துவையும் டாக்டர் பாக்கணும். பாத்த பிறகு சம்மதம்னா பேசலாம்."

ராஜன் செந்தில்வேலின் கையைப் பிடித்தார்.

"மக்கா, நீ இனி மேல ஏறாண்டாம். கீழ வண்டி கிடக்கு. தங்கச்சியையும் விளி, நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்."

கல்யாணத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிவதாணுவும் கேட்கவில்லை. பிந்துவைக் கூப்பிட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் சரிவில் இறங்கினார்.