ஆயுத பூஜைப் படம்

மந்தைவெளி பஸ் நிலையத்தில் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் செண்பகத்துக்கு முதலாளியின் குரல்பதிவு வந்தது. "எல்லாரும் இன்னைக்கு அவங்கவங்க போனைக் கையோட கொண்டு வரணும். ஒண்ணையும் அழிக்கக் கூடாது. கம்பெனியில இருந்து ஆள் வாராங்க." வைரவன் அண்ணாச்சி அனுப்பும் குரல்பதிவுகளில் பாதி இருமலாகவும் மீதி திட்டாகவும் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. மிச்ச டீயை அப்படியே கொட்டிவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். காலி கப் இன்னும் கையிலேயே இருப்பது கண்டக்டர் சீட்டை நீட்டும்போதுதான் தெரிந்தது.

ஒண்ணையும் அழிக்கக் கூடாது என்றால் அழிக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அவள் போனில் அப்படி என்ன இருக்கப் போகிறது? அம்மாவின் சர்க்கரை மாத்திரைச் சீட்டு, கபாலீஸ்வரர் கோயில் தேர், நாத்தனார் வீட்டு வளைகாப்பு. அப்புறம் ஆயுத பூஜைப் படம். அந்தப் படம் நினைவுக்கு வந்ததும் தம்பி நினைவுக்கு வந்தான்.

ஈக்காட்டுத்தாங்கலில் அண்ணாச்சியின் பட்டறை ஒன்றும் பெரிய இடம் இல்லை. கம்ப்யூட்டர் சொல்கிறபடி அலுமினியத்தைக் குடைந்து தரும் மெஷின்கள் மூன்று, அவற்றை ஓட்ட ஆட்கள், வெளியே வரும் பீஸை ஒரு கருங்கல் மேடையில் வைத்து அளவு பார்க்கச் செண்பகம். வெகுகாலம் தண்ணீர்ப் பம்புக்கும் லிஃப்டுக்கும்தான் சாமான் செய்தார்கள். போன வருஷம் ராணுவ ட்ரோன் வேலை வந்தது. இறக்கையைத் தாங்கும் கையை உடம்போடு சேர்க்கிற மூட்டு. முன்பெல்லாம் அது சீனாவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்குமாம். இப்போது எல்லையில் முறைத்துக்கொண்டு நிற்கிறவர்களிடம் ஒரு ஆணிகூட வாங்கக் கூடாது என்று மேலே யாரோ முடிவெடுத்தார்கள். பெரிய கம்பெனி அதைச் சின்ன கம்பெனியிடம் தள்ள, சின்ன கம்பெனி அண்ணாச்சியிடம் தள்ளியது. மெஷின் ஓட்டும் செம்பியனுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம பீஸு இமயமலை மேல பறக்கப் போவுதுக்கா. நீயும் நானும்தான் பஸ்ல தொங்கிக்கினு போவோம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஸ்ரீனிவாசராகவன் ஒருமுறை வந்து பாடம் எடுத்துவிட்டும் போனார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், மயிலாப்பூர்க்காரர், இஸ்திரி கலையாத மனிதர். "யுத்தம் எங்கயோ எல்லையில நடக்கறதுன்னு நெனைச்சிண்டிருக்கேள். உங்க சட்டைப் பையில நடந்துண்டிருக்கு" என்றார். செம்பியன் தன் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து காலையில் வாசலிலேயே ஒவ்வொருவர் போன் கேமராவிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கமாயிற்று.

ஆனால் ஆயுத பூஜை அன்று சட்டம் பேச முடியுமா? மெஷின்களைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்து எல்லாம் ஆயிற்று. அந்த மூட்டு பீஸை மட்டும் பீரோவில் பூட்டியே வைப்பதா என்று கேள்வி வந்தது. அண்ணாச்சிதான், "சோறு போடுதது அது. அதுக்குப் பொட்டு வைக்காம சாமி கும்பிட்டா வெளங்குமா?" என்று சாவியை எடுத்தார். பீஸுக்குச் சந்தனம், குங்குமம். பக்கத்தில் அதன் வரைபடத்துக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள். படம் எடுக்காமல் எப்படி? முதல் ஸ்டிக்கரைப் பிய்த்ததும் அண்ணாச்சிதான். செண்பகம் எடுத்த படம் அத்தனை அழகாக வந்திருந்தது. ஸ்டேட்டஸில் வைத்தாள். ஒரு நாளில் அது தானாகப் போய்விட்டது. அதோடு விட்டிருக்கலாம்.

தம்பி சித்தார்த்தன்தான் கேட்டான். "அக்கா சூப்பரா கீது. ஸ்டேட்டஸ்ல மங்கலா தெரியுது. ஒரிஜினலா அனுப்பு. அந்த பேப்பரும் தெரியிற மாதிரி இன்னொண்ணு இருந்தா அதையும் அனுப்பு." அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று ஒரு நாளும் கேட்காத பிள்ளை கேட்டிருக்கிறான். அவளுக்குப் பூரித்துப்போயிற்று. இரண்டையும் அனுப்பினாள். அண்ணாச்சியின் பட்டறைப் பெயரையும் சேர்த்து எழுதினாள்.

சித்து டேட்டா என்ட்ரி வேலை என்று தாய்லாந்துக்குப் போனவன். போன கொஞ்ச நாளிலேயே "கம்பெனியை வேற எடத்துக்கு மாத்திட்டாங்கோ" என்றான். எந்த இடம் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான். பின்னால் எப்போதும் ஒரு வெள்ளைச் சுவர். "இன்னா வெள்ளை பாரு, ஒரு எடத்துல பெயின்ட் உரியல" என்று அம்மா பெருமைப்படுவாள். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் குடிசை போட்டு, மீன் மார்க்கெட்டில் கூடை வைத்து அவர்களை ஆளாக்கியவளுக்கு உரியாத சுவர் பெரிய விஷயம்தான். இதில் வேடிக்கை, சித்துவுக்கு மீன் ஆகாது. சின்ன வயதில் ஒரு கை நெத்திலியைத் தின்றுவிட்டு உடம்பெல்லாம் தடித்து, கண் மூடிப்போய், ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்குப் பிறகு அந்த வாசனை வந்தாலே ஓடிவிடுவான். மீன்காரம்மா பெத்ததுக்கு மீன் ஆகாது என்று தெருவே கேலி செய்யும்.

பஸ் அடையாறு பாலத்தில் ஏறியது. முன் சீட்டுக்காரர் போனில் யாரோ நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். நேற்று வரை நண்பனாக இருந்த நாடு இன்று எதிரிக்கு விமானம் விற்கிறதாம், எதிரி நம்மோடு கை குலுக்குகிறானாம், மின்சார நிலையத்தை ஒரு பொத்தானில் நிறுத்திவிட முடியுமாம். வேறு நாளாக இருந்தால் இவனுங்களுக்கு வேற வேலை இல்லை என்று தூங்கியிருப்பாள். இன்று ஒவ்வொரு வார்த்தையும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது. தம்பியுடன் பேசியதையெல்லாம் திறந்து, அழிக்கிற இடத்தில் விரலை வைத்தாள். கிண்டி வந்துவிட்டது. விரல் வைத்த இடத்திலேயே இருந்தது. அழிக்கவில்லை. அழிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

பட்டறையில் மெஷின்கள் ஓடவில்லை. அந்த அமைதியை அவள் அங்கே கேட்டதே இல்லை. வாசலில் கம்பெனிக் கார் நின்றது. ஸ்ரீனிவாசராகவன் கருங்கல் மேடை மேல் ஒரு தாளை வைத்தார். அவள் எடுத்த படம். சந்தனம் வழிகிற மூட்டு, மஞ்சள் வைத்த வரைபடம், எழுத்துகள்கூடப் படிக்கிற மாதிரி.

"வெளிநாட்டு வெப்சைட் ஒண்ணுல விக்கறதுக்கு வெச்சிருக்கா. இந்த வரைபடத்தோட இன்னும் என்னென்ன வேணும்னு கேட்டு யாரோ விலையும் பேசிண்டிருக்கா" என்றார். குரலை உயர்த்தவில்லை. "யார் எடுத்தது?"

படத்தில், மெஷின் கதவின் கண்ணாடியில் நீலச் சட்டை ஒன்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. செம்பியன். அன்று எல்லோரும்தான் எடுத்தார்கள், ஆனால் படத்தில் மாட்டியது அவன் மட்டும். அவனுடைய போனைக் கேட்டார்.

"இது புதுசு சார். பழசை தீவாளிக்கு டி.நகர்ல எக்ஸ்சேஞ்ச்ல குட்த்துட்டேன்."

"பூஜை முடிஞ்ச கையோட."

"தீவாளி ஆஃபர் சார்" என்றான் செம்பியன். அவன் சொன்னது சத்தியம். கேட்கிறவர்களுக்குத்தான் பொய்யாகப் பட்டது. இமயமலை வரை பறந்தவன் சுவரோடு ஒட்டி நின்றான். அண்ணாச்சி முன்னால் வந்து, "சார், பொட்டு வைக்கச் சொன்னது நான்தான், அந்தப் பய ஒண்ணும் தெரியாதவன்" என்றார். அவரை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நான் வெறும் கம்பெனி ஆள். இது எனக்கு மேல போயாச்சு. நீங்க கார்ல ஏறுங்கோ செம்பியன். மேல இருக்கறவா கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்கோ."

செம்பியன் திரும்பி ஒருமுறை செண்பகத்தைப் பார்த்தான். அன்று அவனுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தது அவள் என்று அவனுக்குத் தெரியும். கை நீட்டிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இவன் போய்விடுவான், தம்பி தப்பிப்பான் என்று அவளுக்குள் ஒன்று சொன்னது. அப்படி நினைத்ததற்கு அவளுக்கே அவள்மேல் அருவருப்பாக இருந்தது.

"நான் எட்த்தது சார்" என்றாள். "அவன் இல்ல. நான்தான்."

ஸ்ரீனிவாசராகவன் அவள் பக்கம் திரும்பினார். "யாருக்கு அனுப்பிச்சேள்?"

சித்து என்று சொல்ல வேண்டும். மூன்றே எழுத்து. சொன்னால் அவன் தேசத் துரோகி ஆகிவிடுவான். அம்மா அதை எந்தக் காதால் கேட்பாள்? போனை எடுத்துக் கருங்கல் மேல் வைத்தாள். அங்கே வைத்த கையை எடுப்பதற்குள் அது அதிரத் தொடங்கியது. சிரிக்கிற முகம், கீழே 'சித்து தம்பி'. வீடியோ அழைப்பு. இன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அவள் முகத்தைப் பார்த்தே அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. "எடுங்கோ. சாதாரணமாப் பேசுங்கோ. நான் இருக்கறது தெரியக் கூடாது" என்று மெல்லச் சொல்லிவிட்டு, போனுக்கு அந்தப் பக்கம், அவளுக்கு எதிரே போய் நின்றுகொண்டார்.

"அக்கா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்டா. இன்னாடா இன்னிக்கு?"

சித்து சிரித்தான். இளைத்திருந்தான். பின்னால் அதே வெள்ளைச் சுவர். "சும்மாதான்க்கா. நீ அனுப்ன போட்டோ எல்லாருக்கும் புட்ச்சிக்கீது. இப்ப புதுசா எதனா செய்றீங்களா? அந்த மாரி பேப்பரோட ஒண்ணு எட்த்து அனுப்பேன்."

பேசுவதற்கு முன்னால் அவன் கண் போனுக்கு மேலே எங்கோ ஒரு கணம் போய்விட்டு வந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் போனது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இதைப் பார்த்திருக்கிறாள். நெட் சரியில்லை, அதனால்தான் தயங்கித் தயங்கிப் பேசுகிறான் என்று நினைத்திருந்தாள். இப்போது பதில் சொல்வதற்கு முன்னால் அவள் கண்ணும் போனுக்கு மேலே, எதிரே நிற்கிறவர் முகத்துக்குப் போய்விட்டு வந்தது. தன் கண் போனதை உணர்ந்ததும்தான் செண்பகத்துக்குப் புரிந்தது. அவனுக்கு எதிரேயும் ஒரு ஆள் நிற்கிறான்.

ஐயோ சித்து, என்று கத்தியிருப்பாள். கத்தினால் அங்கே அவனை என்ன செய்வார்களோ! பல்லைக் கடித்து அழுகையை விழுங்கினாள். வாயில் வந்தது நெத்திலிதான்.

"அனுப்றேன்டா. அம்மா நெத்திலி வறுத்துக்கினு கீது. சித்து இருந்தா ஒரு தட்டு துன்னுவான், ஆசையா துன்னுவான்னு காலையிலேர்ந்து சொல்லிக்கினே கீது."

படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தாள். இல்லை, அவன் இமை கொட்டியது. கண் மேலே போகவில்லை. நேராக அவளையே பார்த்தது.

"ஆமாக்கா" என்றான். "நெத்திலி துன்னு எவ்ளோ நாளாச்சி. நாக்கு ஊறுது. அம்மாவ எட்த்து வெக்கச் சொல்லு. மறந்துடாதக்கா."

"மறக்க மாட்டேன்டா."

வாசலில் செம்பியன் கார்க் கதவைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்ரீனிவாசராகவன் அசையவில்லை. சித்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான், கண் மட்டும் நிறைந்துகொண்டே வந்தது. அவனுக்குப் பின்னால், ஒரு இடத்திலும் உரியாத அந்த வெள்ளைச் சுவரில், ஒரு நிழல் மெல்ல நகர்ந்து வந்து அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றது.