தவளை இல்லாத கிணறு

“அம்மா, இந்தக் கிணத்துக்குள்ள ஏன் ஒரு தவளையும் இல்லை?”

சுலக்சனாவுக்கு அப்போது ஆறு வயது. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, கால் நுனியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். அவள் கேட்டது தாய் பிரியந்தினியிடம். முந்திக்கொண்டு பதில் சொன்னவனோ வீடு காட்ட வந்த புரோக்கர் கிரிசாந்த்.

“சுத்தமான கிணறு, தங்கச்சி! இறைச்சுக் கழுவி வச்சிருக்கிறம். தவளை இருந்தா நீங்கள் பயந்து கத்த மாட்டீங்களோ?”

“நான் பயப்பிட மாட்டன். இப்ப இருக்கிற வீட்டுக் கிணத்தில நிறைய இருக்கு. ஒண்டுக்குப் பேர் கூட வச்சிருக்கிறன்.”

கிரிசாந்த் சிரித்தான். அந்தக் கதைக்குத் தேவையானதை விடக் கொஞ்சம் கூடவே சிரித்தான்.

கண்டக்குழிப் பக்கத்தில் வீடு வாங்க வருகிறவர்கள் கூரையைப் பார்க்க முன் கிணற்றைப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, நடுவில் மணல். ஒரு வளவில் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். அடுத்த வளவில் வாயில் வைக்க முடியாது. மணலுக்குள் தண்ணீர் எந்த வழியால் போய் வருகிறது என்பது படைத்தவனுக்குத்தான் தெரியும். குழாய்த் தண்ணீரும் அந்தக் குறுகிய மணல் ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லை. ஆகவே பிரியந்தினி வந்தவுடனேயே வாளியை விட்டு அள்ளி, ஒரு கை குடித்துப் பார்த்திருந்தாள். நல்ல தண்ணீர்தான். இனித்தது என்று கூடச் சொல்லலாம்.

“பாத்தீங்களே அக்கா? இந்தத் தண்ணிக்கே தனி விலை கேக்கலாம்,” என்றான் கிரிசாந்த். சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து, கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தலை எடுத்து மடமடவென்று குடித்தான்.

பிரியந்தினி அதைக் கண்டாள். கண்டதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு வீட்டுக்குள் நடந்தாள்.

அவளுக்கு அந்த வீடு வேண்டும். அதுதான் உண்மை. மாங்குளத்தில் பிறந்து, சண்டைக்குள் தாயின் இடுப்பில் இருந்தபடியே புத்தளத்துக்கு வந்தவள். அன்றிலிருந்து எல்லாம் பிறத்தியார் வீடு. வாடகை வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஏதோ பேசி வைத்தது போல ஒரே வார்த்தையைச் சொல்வார்கள்: “சுவரில ஆணி அடிக்க வேண்டாம்.” ஆகவே அவளுடைய முருகன் படம் எந்தச் சுவரிலும் ஏறாமல், அலுமாரிக்கு மேல் சாய்ந்தபடியே ஊர் ஊராக வந்தது. இப்போது கற்பிட்டியில் இருக்கும் வீட்டுக்காரரும் வெள்ளைக்காரருக்கு அறை வாடகைக்கு விடப் போகிறாராம்; மாத முடிவில் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார். புருஷன் சாரங்கன் கட்டாரில் வெயிலில் நின்று அனுப்பியதும், அவள் முன்பள்ளியில் படிப்பித்து மிச்சம் பிடித்ததும் சேர்ந்து ஒரே ஒரு வீட்டுக்குத்தான் காணும். அது பிழையாய்ப் போனால் இன்னொன்றுக்கு வழியில்லை.

கிரிசாந்துக்கும் இதெல்லாம் தெரியும். வீடு பார்க்க வருகிறவர்களின் அவசரத்தை மோப்பம் பிடிப்பதுதான் அவனுடைய தொழில். முதலில் அவளைக் கூட்டிப்போன வீடுகளில் ஒன்றின் கூரை வானம் காட்டியது, இன்னொன்றின் காணி உறுதிப் பத்திரம் வழக்கில் கிடந்தது. அவை வாங்குவதற்கான வீடுகளே இல்லை, அவற்றைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு இந்த வீடு மாளிகையாகத் தெரிய வேண்டும் என்று காட்டப்பட்டவையோ என்று அவளுக்கு இப்போது தோன்றியது. புதிதாக அடித்த ரோசா நிறப் பெயின்ற் மூக்கில் ஏறியது. கிணற்று மோட்டாரைப் போட்டுக் காட்டச் சொன்னால், “கரண்ட் வெட்டிக் கிடக்கு, அக்கா,” என்றான்.

வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுப் படலையோரம் ஒரு மண்பானை இருந்தது. மூடிக்கு மேல் ஒரு கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது. தெருவால் போகிறவர்கள் குடிப்பதற்காக வைத்த தண்ணீர். சுலக்சனா அதை நோக்கி ஓட, கிரிசாந்த் குறுக்கே கையை நீட்டினான்.

“அங்க குடிக்க வேண்டாம், தங்கச்சி.” பிறகு பிரியந்தினியின் பக்கம் குனிந்து குரலைத் தணித்தான். “அந்த மனிசியோட கதை வச்சுக்கொள்ளாதீங்க, அக்கா. இந்த வளவில அவவுக்கு ஒரு கண். வாற ஆக்களுக்கு ஏதாவது சொல்லிக் கலைச்சு விடுறதுதான் வேலை. விலை விழுந்தாப் பிறகு தான் வாங்கலாமெண்டு.”

வேலிக்கு அப்பால் முக்காடு போட்ட ஒரு பெண் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பிரியந்தினியைப் பார்த்துச் சிரித்தாள். பிரியந்தினி சிரிக்கவில்லை.

“வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் தந்திடுங்க,” என்றான் கிரிசாந்த். “கொழும்புப் பார்ட்டி ஒண்டு ஹோட்டல் கட்டக் கேக்குது. எங்கட ஆக்கள் எண்டபடியால்தான் உங்களுக்குப் பிடிச்சு வச்சிருக்கிறன்.”

எங்கட ஆக்கள். மற்ற நேரமென்றால் அவளுடைய மனம் குளிர்ந்திருக்கும். இன்றைக்கு என்னவோ கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை சாரங்கன் தொலைபேசியில் கேட்டான். “தண்ணி எப்பிடி?”

“நல்ல தண்ணி.”

“பிறகென்ன?”

“கிணத்தில தவளை இல்லையாம். மகள் கேட்டவள்.”

“நல்ல கதை! தவளை இல்லையெண்டு வீட்டை விடப் போறியோ? நான் வரேக்க ரெண்டைப் பிடிச்சுக்கொண்டு வாறன்.”

அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்த நாள் கிரிசாந்துக்கு அழைத்து, திங்கட்கிழமை இன்னொருமுறை பார்க்கலாமா என்று கேட்டாள்.

“திங்கள் சரிவராது, அக்கா. வியாழன் காலமை வாங்கோ, திறந்து வைக்கிறன்.”

ஏன் வியாழன்? திங்கட்கிழமையும் கிணறு அதே இடத்தில்தானே இருக்கும்?

செவ்வாய்க்கிழமை முன்பள்ளி முடிந்ததும், ஒருவருக்கும் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ரோசா வீட்டுப் படலையில் பெரிய பூட்டுத் தொங்கியது. மணல் கொதித்தது. பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. தாய் பூட்டை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சுலக்சனா பக்கத்து வீட்டுப் பானைக்குப் போய், ஒரு கோப்பை குடித்து முடித்து, அடுத்த கோப்பையை அள்ளிவிட்டாள்.

“சுலா! கேக்காமல் எடுக்கிறதோ?”

“குடிக்கட்டும் தங்கச்சி. வைக்கிறதே குடிக்கத்தான்.” அந்தப் பெண் வெளியே வந்தாள். “நான் றைஸா. வெயிலுக்கு உள்ளுக்கு வாங்களேன்.”

பிரியந்தினி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. “ராத்தா, ஒளிக்காமல் கேக்கிறன். இந்த வீட்டை நீங்கள் வாங்கப் போறீங்களாம். உண்மையோ?”

“நானா? யா அல்லாஹ்!” றைஸா கன்னத்தில் கை வைத்தாள். “ஈக்கிற வீட்டையே விக்க ஏலாம மண்டையப் பிச்சிட்டு ஈக்கன். அங்க பாருங்க, போர்ட!”

மதிலில் ‘விற்பனைக்கு’ என்று ஒரு பலகை. அதன் கீழே தொலைபேசி எண். பிரியந்தினிக்கு அந்த எண் மனப்பாடம். கிரிசாந்தின் எண்.

ஒரு சந்தேகம் போய் அதே இடத்தில் இன்னொன்று வந்து குந்தியது. ஓகோ, இவவும் விற்கிறவ. அந்த வீட்டைக் குறை சொல்லி, இந்த வீட்டை என் தலையில் கட்டப் போகிறா.

“அப்ப நீங்களே சொல்லுங்க. அந்தக் கிணத்துத் தண்ணி எப்பிடி?”

றைஸாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. உள்ளே திரும்பிப் பார்த்தாள். விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரையில் அவளுடைய கணவர், நோயில் இளைத்தவர், கண்ணை மூடிக் கிடந்தார்.

“அத நான் செல்லப் போவல்ல, தங்கச்சி. புரோக்கர்ட்டயே கேளுங்க.”

“ஏன்?”

“கேளுங்களேன் அவர்ட்டயே.”

பிரியந்தினி மகளின் கையைப் பிடித்தாள். சுலக்சனா கோப்பையைக் கவனமாகப் பானையின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, போக முன் திரும்பினாள்.

“மாமி, உங்கட கிணத்தில தவளை இருக்கோ?”

‘ஓம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். பிள்ளை உள்ளே ஓடிப் பார்க்கப் போவதுமில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. றைஸா அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தபடி நின்றாள். பிள்ளையின் தாடையில் இன்னும் அந்தப் பானைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இல்ல, மகள்,” என்றாள் கடைசியில். “எங்கட கிணத்திலயும் இல்ல. உப்புத் தண்ணில அது ஈக்குமா?”

சொன்னதோடு அவள் விடவில்லை. விறுவிறுவென்று போய்த் தன் கிணற்றில் வாளியை விட்டு இழுத்து, பிரியந்தினியின் முன்னால் நீட்டினாள். “குடிச்சுப் பாருங்க.”

பிரியந்தினி வாயில் வைத்தாள். துப்பினாள். கடலேதான்.

“ரெண்டுக்கும் ஒரே ஊத்து. அவன் ஆள் கூட்டி வார நாளைக்கு முந்தின ராவு தண்ணி பவுசர் லொறி வரும். ஈக்கிறத இறைச்சிட்டு, நல்ல தண்ணிய ஊத்திட்டுப் போறது. ஒரு நாள் ரெண்டு நாள் மேலால நிக்கும். பொறகு பழைய உப்புத்தான்.” றைஸா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். “இவருக்குச் சுகமில்ல. கனமூலையில மகள் றிஸ்மினாட்டப் போய் ஈக்கணும், இத வித்தாத்தான் ஏலும். அது வித்த பொறகு இத வித்துத் தாரன், அது வரைக்கும் வாயத் தொறக்காதீங்க எண்டு செல்லி வச்சீக்கான். நானும் பொத்திட்டுத்தான் ஈந்தன்.”

“பிறகேன் இப்ப சொன்னீங்கள்?”

“புள்ள கேட்டா என்ன செய்ற, தங்கச்சி? அன்னைக்கு நீங்க சிரிக்காமப் போனீங்க. அப்பவே எனக்கு மனசு சரியில்ல.”

பிரியந்தினியால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. பானையைப் பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. “அப்ப, ராத்தா, இந்தத் தண்ணி?”

“லொறில வார தண்ணி. காசுக்குத்தான் வாங்குற. வெயிலுக்க வாரவனுக்கு உப்ப வைக்க ஏலுமா?”

கடவுள் மனிதரைச் சோதிப்பது பெரிய மேடைகளில் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு மண்பானைக்குப் பக்கத்தில், ஒரு பிள்ளையின் கேள்வியிலும் அது நடந்து முடிந்துவிடுகிறது. பஸ்ஸில் திரும்பி வரும்போது பிரியந்தினி யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தாள்.

வியாழன் காலையில் அவள் போகவில்லை. கிரிசாந்த் அழைத்தான்.

“என்னக்கா, ஆளைக் காணேல்ல? திறந்து வச்சுக்கொண்டு நிக்கிறன்.”

“தம்பி, எனக்கு அந்த வீடு வேண்டாம்.”

அடுத்து வந்த குரலில் ‘அக்கா’ இல்லை. “பக்கத்து வீட்டு மனிசி ஏதும் சொன்னாவோ?”

ஓம் என்றால் றைஸாவின் மதிலில் இருக்கும் பலகையை இவன் இன்றைக்கே கழற்றிவிடுவான். இல்லை என்றால் பொய். முருகன் படம் அலுமாரிக்கு மேலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“கிணத்தில ஏன் தவளை இல்லையெண்டு என்ர மகள் கேட்டவள். உங்களுக்கு முன்னால நிண்டுதான் கேட்டவள்,” என்றாள். “அதுக்கு நீங்கள் சரியான பதில் சொல்லேல்ல, தம்பி. பதில் இருந்தால் இப்பவும் சொல்லுங்க, கேக்கிறன்.”

அவன் வைத்துவிட்டான்.

வீடு கிடைத்தது, கொஞ்சம் பிந்தி. அதே ஊரில், உள்ளே தள்ளி ஓர் ஒழுங்கையில், புரோக்கர் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பழைய ஓட்டு வீடு. கிழட்டுச் சொந்தக்காரர் தானே நின்று ஒழுகுகிற இடங்களை எல்லாம் விரலால் காட்டினார். சுலக்சனா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: “இருக்கு அம்மா! குண்டுத் தவளை!” குடிபுகுந்த அன்று, பிரியந்தினி செய்த முதல் வேலை நடுச்சுவரில் ஓர் ஆணி அடித்தது.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவள் தனியாகச் சைக்கிளில் அந்தப் பக்கம் போனாள். பள்ளிவாசலில் தொழுகை நேரம். ஒழுங்கையில் ஒரு சனமில்லை. றைஸாவின் படலை பூட்டிக் கிடந்தது. கணவரை ஒருமுறை மகளிடம் கூட்டிப்போய்க் காட்டிவர நினைப்பதாக, உப்புத் தண்ணீரைக் காட்டிய அன்று சொல்லியிருந்தாள், போயிருப்பாள். வீடு விற்கப்படவில்லை. பலகை அங்கேயே வெயிலில் வெளிறிக் கிடந்தது. அதன் அடியில், கிரிசாந்தின் எண்ணுக்குக் கீழே, யாரோ கரித்துண்டால் பெரிதாக எழுதியிருந்தார்கள்: ‘தண்ணி உப்பு. பாத்து வாங்குங்க.’

தன் வீட்டுப் பலகையிலேயே இப்படி எழுதக்கூடியவள் யார் என்று பிரியந்தினிக்குத் தெரிந்தது.

பானையின் மூடியைத் திறந்தாள். உள்ளே காய்ந்து, அடியில் மணல் கொஞ்சம் கிடந்தது. சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த கேனை இறக்கினாள். முதலில் ஒரு கோப்பை ஊற்றிப் பானையை அலசி, வேலியோரச் செடிக்கு விட்டாள். பிறகு தன் கிணற்றுத் தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பினாள். மூடியைப் போட்டாள். கோப்பையைக் கழுவி, முன்பு மகள் வைத்தது போலவே அதன் மேல் கவிழ்த்து வைத்தாள்.

வெறுங்கேனைக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கமும் பார்க்காமல் சைக்கிளை மிதித்தாள்.